சரியான பாவம்

அக்கா யாரைப் பற்றியும் கெட்டதாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. கோபப்பட்டும் பார்த்ததில்லை. ஒருவர் இனித் தனக்குத் தேவையில்லை என்று ஆகும்போது, "சரியான பாவம்" என்று இரங்குவார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்த பிறகு அந்த ஆள் நின்ற இடத்தில் தொடர்ந்து நின்றதை நான் கண்டதில்லை.

எங்கள் ஸ்காபரோ பல்கலைக்கழக வளாகத்தில் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் அக்காதான். பள்ளிக்கூடம் முடித்து, கொஞ்சக் காலம் பிக்கரிங்கில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர் என்பதால், எங்களோடு முதலாம் வருடம் படித்தாலும் வயதில் மூத்தவர். தோளில் எப்போதும் ஒரு பெரிய துணிப்பை தொங்கும். அதற்குள் தலையிடிக் குளிசை, பிளாஸ்டர், ஊசி நூல், ஒரு பிளாஸ்க் நிறைய இஞ்சிப் பிளேன்ரீ. யாருக்காவது மூக்குச் சிந்தினால் பை திறக்கும். கதைக்கும்போது எதிரில் இருப்பவரின் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்துக்கொள்வார், நாடி பார்ப்பதுபோல. அந்தப் பிடியில் இருந்தவர்கள் தங்கள் வீட்டுக் கதை எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

தமிழ் மாணவர் சங்கத்தின் கலைவிழாவுக்கு நடனம் பழகிக்கொண்டிருந்தோம். குழுவில் கொஞ்சம் பருமனான ஒரு பிள்ளை இருந்தாள். எங்கள் எல்லோரையும்விட நன்றாக ஆடுவாள். ஆனால் முன்வரிசை ஒரே அளவாக வரவில்லை என்று அக்காவுக்கு மனக்குறை. ஒருநாள் அந்தப் பிள்ளையைத் தனியே கூட்டிக்கொண்டு போய்ப் படிக்கட்டில் இருந்து வெகுநேரம் கதைத்தார். அடுத்த பயிற்சிக்கு அவள் வரவில்லை.

"சனம் எப்பிடிச் சிரிக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாது. ஆராவது வீடியோ எடுத்துப் போட்டால் பிள்ளை தாங்கமாட்டாள். சரியான பாவம்" என்றார் எங்களிடம். அதுவரை அவளைப் பார்த்து ஒருவரும் சிரித்ததில்லை. பிறகு அவளே அக்காவுக்கு ஒரு நன்றி அட்டை கொடுத்தாள் என்று கேள்விப்பட்டேன். என்னை அவமானத்திலிருந்து காப்பாற்றினீர்கள் என்று எழுதியிருந்தாளாம். இல்லாத ஒரு அவமானத்தை உண்டாக்கி, அதிலிருந்து அவளைக் காப்பாற்றியும் விட்டிருந்தார் அக்கா.

வளாகத்திலேயே தங்கிப் படிப்பதற்கு முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு எப்படியும் ஒரு அறை கிடைத்துவிடும். அடுத்த வருடம்தான் அடிபிடி. பள்ளத்தாக்கின் ஓரமாக, மேப்பிள் மரங்களுக்கு நடுவே சில வீடுகள் இருந்தன. ஒரு வீட்டில் நாலு பேர், ஆளுக்கொரு அறை, நடுவில் சொந்தச் சமையலறை. அதற்கு நாலு பேரும் ஒரு குழுவாக விண்ணப்பிக்க வேண்டும். நாலு பேரின் புள்ளிகளையும் சேர்த்துப் பார்ப்பார்கள். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கொஞ்சம் முன்னுரிமை. ஒருத்தியின் புள்ளி விழுந்தால் மற்ற மூவரும் விழ வேண்டியதுதான். பெப்ரவரி வந்தால் உயிர்ச் சிநேகிதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடப்பார்கள்.

எங்கள் குழுவை அக்காதான் சேர்த்தார். அவர், நான், அபி, இன்னொருத்தி. அந்த நாலாமவள் தன் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து போய்விட, பக்கத்து வோபர்னில் வீடு இருந்த ஜெனிற்றாவைக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம். நான் வடக்கே வெகு தூரத்திலிருந்து வந்தவள். அப்பா அங்கே ஒரு சின்ன ஊரில் பெற்றோல் அடிக்கும் காஸ் ஸ்டேசனும் அதோடு ஒரு கடையும் நடத்தினார். ஊர் முழுவதிலும் நாங்கள் மட்டும்தான் தமிழ்க் குடும்பம். என் தூரம் குழுவுக்கு உதவும் என்று அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார். அபி பிராம்ப்டனில் பிறந்து வளர்ந்தவள். தமிழை ஆங்கிலத்தில் தோய்த்துத்தான் பேசுவாள். குளிர்காலப் பரீட்சையில் அவளுக்கு இரண்டு பாடங்கள் சறுக்கிவிட்டன.

அக்கா அவளையும் என்னையும் ஒரு பிளாசாவிலிருந்த சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனார். மட்டன் ரோல்ஸ் வாங்கித் தந்தார். அபியின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீ எவ்வளவு களைச்சுப் போனாய் எண்டு எனக்குத் தெரியும்."

"அக்கா, ஐ ஆம் ஃபைன். சீரியஸ்லி."

"உப்பிடித்தான் சொல்லுவாய். மற்றாக்களுக்காகச் சிரிச்சுக்கொண்டு திரியிறாய். ராத்திரியில உன்ர அறையில லைட் எரியிறதை நான் பாக்கிறனான்தானே. அம்மான்ர சாப்பாடு இல்லாமல் நீ இன்னொரு வருசம் தாங்குவியோ?"

அபி சிரிக்கத்தான் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் மேசையில் தலை வைத்து அழுதாள். அக்காவும் கூட அழுதார். கடைக்காரர் வந்து தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். எழும்பும்போது அபி, தான் வீட்டிலிருந்தே போய்வரப்போவதாகவும், தனக்குப் பதிலாக வேறு யாரையாவது சேர்க்கும்படியும் தானாகவே சொன்னாள். அக்காவைக் கட்டிப்பிடித்தாள். "யூ ஆர் த ஒன்லி ஒன் ஹூ நோட்டிஸ்ட்" என்றாள்.

பஸ் நிறுத்தத்தில் அபி வேறு பக்கம் போன பிறகு அக்கா கண்ணைத் துடைத்தார்.

"சரியான பாவம் பிள்ளை. வீட்டில கிடந்து நித்திரை கொள்ளட்டும்."

பிறகு பையிலிருந்து போனை எடுத்தார். "ஜெனிற்றான்ர புள்ளி என்னவாம்?" என்று என்னிடம் கேட்டார்.

ஜெனிற்றாவின் புள்ளி வகுப்பிலேயே உச்சம். மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். புலமைப்பரிசிலில் படித்தாள். அவள் வீடு இருந்த உயர்ந்த கட்டடம் வளாகத்துக்கு மிகவும் கிட்ட. பஸ்ஸில் ஏறிக் கையுறையைக் கழற்றுவதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். அவ்வளவு பக்கத்திலிருப்பவள் ஏன் வளாக விடுதியான ரெசிடென்ஸில் இருக்க இத்தனை பாடுபடுகிறாள் என்று யாருக்கும் விளங்கவில்லை. கேட்டால், "படிக்க வசதி" என்று மட்டும் சொல்வாள். கதவு ஏதாவது படாரென்று சாத்தினால் அவள் தோள்கள் காதுவரைக்கும் உயர்ந்து இறங்கும். அதை நான் கவனித்திருக்கிறேன். காரணம் கேட்டதில்லை.

அபியின் இடத்தில் இன்னொரு பிள்ளையையும் பிடித்து, ஜெனிற்றாவையும் சேர்த்து நாங்கள் நாலு பேராக விண்ணப்பித்தோம். அனுப்பிய அன்று பின்னேரம் ரெசிடென்ஸ் சமையலறையில் அக்கா எங்களுக்கு றவை கிண்டித் தந்தார். ஜெனிற்றா சாப்பிடாமல் போனைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"கிடைக்காட்டி என்ன, உன்ர வீடு உதிலதானே?" என்று அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

அவள் சொல்லிவிட்டாள். அண்ணனுக்குத் தலையில் ஏதோ வருத்தம். மருந்து எடுத்தால் குழந்தைப்பிள்ளை மாதிரி. எடுக்காவிட்டால் கதவுகளை உடைப்பான், அகப்பட்டவரை அடிப்பான். இரவில் தாயும் மகளும் அறைக்கதவுக்கு அலுமாரியை இழுத்து வைத்துவிட்டுப் படுப்பார்கள். பள்ளிக்கூடம் படித்த காலமெல்லாம் அவள் கட்டடத்தின் அடியிலிருந்த உடுப்புத் தோய்க்கும் அறையில், மெஷின்களுக்கு நடுவே தரையில் இருந்துதான் படித்தாள். "அங்க சூடா இருக்கும். ஆக்களும் வந்து போவினம். பயமில்லை" என்றாள். இதில் ஒரு சொல் வெளியே போகக்கூடாது என்று தாய் மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கியிருந்தாவாம். மகனைக் கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள் என்று தாய்க்குப் பயம். கோயில் சனம் கதைக்கும் என்று அதைவிடப் பயம்.

அக்காவின் கண்களிலிருந்து தண்ணீர் ஓடியது. அதை அவர் துடைக்கவேயில்லை.

ஜூன் மாதம் வீடு கிடைத்தது என்று மின்னஞ்சல் வந்தது. ஜெனிற்றா எனக்குப் போன் எடுத்துச் சிரித்துக்கொண்டேயிருந்தாள். அவள் அவ்வளவு நேரம் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் அக்காவின் தங்கைக்கு எங்கள் வளாகத்தில் அனுமதி வந்தது. வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து பிந்தி மாறி வந்தவள். அதனால் அவளுக்கு அறை இல்லை, காத்திருப்பவர்களின் வரிசையில் எங்கோ வாலில் நின்றாள். பிக்கரிங்கிலிருந்த அவர்கள் வீட்டிலிருந்து போய்வர முடியாத தூரமில்லை. ஆனால் அக்காவுக்குத் தங்கை பக்கத்தில் இருக்க வேண்டும். விதி என்னவென்றால், குழுவில் ஒருத்தி தானாக விலகினால் மட்டும் மற்றவர்கள் அந்த இடத்துக்கு இன்னொருவரைச் சேர்க்கலாம்.

முதலில் அவர் என் அப்பாவுக்குத்தான் போன் எடுத்தார். அந்தக் கோடையில் நான் வளாகத்திலேயே வேலை செய்துகொண்டிருந்தேன். நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"அங்கிள், நான் சொல்றன் எண்டு குறை நினைக்காதேங்கோ. பிள்ளை சரியா மெலிஞ்சு போனாள். தனிய இருந்து அழுறாள். இவ்வளவு தூரத்தில விட்டிட்டு நீங்களும் என்ன செய்வியள், பாவம்."

கடையில் ஆட்கள் நின்ற நேரம். அப்பா, "மெலிஞ்சால் நல்லாச் சாப்பிடச் சொல்லுங்கோ பிள்ளை. இஞ்ச வந்து என்ன செய்யிறது, என்னோட நிண்டு சிகரெட் விக்கிறதோ?" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று பின்னேரம் எனக்கு எடுத்தார்.

"நீ அழுறனியோ?"

"இல்லையப்பா."

"அப்ப ஏன் அந்தப் பிள்ளை அப்பிடிச் சொல்லுது?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே அப்போது தெரியவில்லை.

ஓகஸ்டில் ஜெனிற்றா குடும்பத்தின் கோயிலில் மாதா திருநாள். மைதானத்தில் கூடாரம் அடித்து, பூசை முடிந்ததும் சாப்பாடு கொடுப்பார்கள். நான் அதைப் பார்த்ததில்லை என்று சொன்னதும் அக்கா தன் காரில் கூட்டிப் போனார். ஜெனியின் அம்மாவுக்கு என்று பட்டர் கேக் செய்து கொண்டுவந்திருந்தார். அந்த அம்மா மற்றப் பெண்களோடு வரிசையில் நின்று சோறு பரிமாறிக்கொண்டிருந்தா. மெலிந்த, நேரான மனுசி. வெள்ளைச் சேலை. அவவைச் சுற்றி அவவின் ஆட்கள் முழுப்பேரும் நின்றார்கள். ஜெனிற்றா கொஞ்சம் தள்ளி, சர்பத் கிளாஸ்கள் அடுக்கிய தட்டத்தோடு நின்றாள்.

அக்கா கேக்கைக் கொடுத்துவிட்டு அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அன்ரி, உங்கட கஷ்டம் எல்லாம் எனக்குத் தெரியும். ஜெனி சொன்னவள். மகன் இப்ப மருந்தை ஒழுங்கா எடுக்கிறாரோ? அடிச்சால் பொலிசைக் கூப்பிடப் பயப்பிடாதேங்கோ அன்ரி. எத்தினை நாளைக்குத்தான் கதவுக்கு அலுமாரியை இழுத்து வைச்சுக்கொண்டு படுப்பியள்? பாவம் நீங்கள்."

குரலை உயர்த்தவேயில்லை. ஆனால் பக்கத்திலிருந்த கரண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் பார்த்தாள்.

"ஆர் சொன்னது?" என்றா அந்த அம்மா. "எங்கட வீட்டில ஒண்டும் இல்லை." கையை இழுத்துக்கொண்டா. வரிசையில் நின்றவருக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டா. அது தட்டுக்கு வெளியே கொட்டியது. பிறகு ஏப்ரனைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தா. மகளிடம் போய், "வா வீட்டை" என்றா. அவ்வளவுதான். இரண்டு பேரும் மைதானத்தைக் குறுக்கே நடந்து போனதை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெனிற்றா தட்டத்தை வைக்க மறந்து கையோடு கொண்டு போனாள்.

காரில் அக்கா விம்மி விம்மி அழுதார். ஓட்ட முடியாமல் ஒரு ஓரமாக நிறுத்தினார்.

"ஏன் அக்கா அவ்வளவு சனத்துக்கு முன்னால கேட்டனீங்கள்?"

"அவவுக்கு ஆறுதலா இருக்கும் எண்டு நினைச்சன். மனசுக்குள்ளயே வைச்சுக்கொண்டு இருந்தால் மனுசிக்கு என்ன ஆகும்?"

அந்தக் கண்ணீர் பொய் என்று என்னால் இன்றும் சொல்ல முடியாது.

அந்தக் கிழமையே ஜெனிற்றாவின் செய்தி எங்கள் குழுவுக்கு வந்தது. 'நான் வீட்டில நிக்கிறன். என்ர இடத்தை ஆருக்கும் குடுங்கோ.' தாய் அவளோடு பேசுவதை விட்டுவிட்டாவாம். வீட்டை விட்டு வெளிக்கிட்டால் அண்ணனைத் தெருவில் விட்டுவிட்டுத் தான் செத்துப்போவதாகச் சொன்னாவாம்.

செப்டெம்பரில் தங்கை குடிவந்தாள். நல்ல பிள்ளை, எதுவும் அறியாதவள். ஜெனிற்றா தேர்ந்து வைத்திருந்த, மரங்களைப் பார்த்த சின்ன அறையில் ஒரு பெரிய டீவியைக் கொண்டுவந்து வைத்தாள்.

அக்கா ஜெனிற்றாவை விட்டுவிடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவளைச் சாப்பிட வரச் சொல்வார். அவள் வந்து அவசரமாகச் சாப்பிட்டு, சோபாவில் சரிந்து நித்திரையாகிவிடுவாள். தங்கை டீவி போட்டால் அக்கா வாயில் விரல் வைப்பார். போர்வை எடுத்து அவள் பாதம்வரைக்கும் மூடிவிடுவார். எட்டு மணிபோல மெதுவாக எழுப்புவார். "வெளிக்கிடம்மா, வீட்டில தேடுவினம்." அண்ணனுக்கும் சேர்த்து ஒரு டப்பாவில் கறி கட்டிக் கொடுப்பார்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் எழும்ப மறுத்தாள்.

"அக்கா, இண்டைக்கு மட்டும் இஞ்ச நிக்கட்டே? சோபாவில படுக்கிறன்."

"விருந்தாளிகளை முன்கூட்டியே பதியோணும் ஜெனி. பிடிச்சால் எங்கட நாலு பேரின்ர இடமும் போயிடும். நீதானே எங்களுக்காக இவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்துத் தந்தனி, அதை நீயே கெடுப்பியோ?"

"அண்ணா ரெண்டு நாளா மருந்து எடுக்கேல்லை."

அக்கா அவள் கன்னத்தைத் தடவினார். சப்பாத்தை எடுத்து வைத்து, குனிந்து, அதன் நாடாவைத் தானே கட்டிவிட்டார். கதவடியில் நின்று, அவள் பஸ் நிறுத்தம் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து கதவைப் பூட்டிவிட்டு, "சரியான பாவம்" என்றார்.

அண்ணன் அவள் வலது கையை இரண்டு இடத்தில் முறித்தான் என்பதை மறுநாள் அறிந்தோம். கதவுக்கு இடையில் வைத்துச் சாத்தியிருக்கிறான்.

ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடியது அக்காதான். அன்றிலிருந்து அவர் செய்ததைச் சொந்தத் தாயும் செய்திருக்கமாட்டாள். பேராசிரியர்களுக்கு எழுதினார். சமூக சேவகரைப் பிடித்தார். பொலிசுக்குச் சொல்லவேண்டியதை ஜெனிற்றாவின் பக்கத்தில் இருந்து சொல்ல வைத்தார். எலும்பு சரியாகப் பொருந்தாமல் கையில் சத்திரசிகிச்சை செய்தபோது வகுப்புகளை விட்டுவிட்டுப் போய் அவள் பக்கத்தில் இருந்தார். ஆனால் அந்த வருடம் ஜெனிற்றாவுக்குப் போய்விட்டது. புலமைப்பரிசிலும் போனது. அவள் படிப்பை முடிக்கவேயில்லை. மற்ற இரண்டு பேரோடும் அக்காவோடும் அந்த வீட்டில் நான் வருடம் முழுவதும் இருந்தேன். வசந்தத்தில் ஜன்னலுக்கு வெளியே மான்கள் வந்தன.

அக்கா இப்போது முதியோருக்கான பராமரிப்பு இல்லங்களில் இடம் ஒதுக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறார். ஒரு கட்டிலுக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் நிறைய. அவரைப் போல அன்பாகக் கதைக்கிறவர் அங்கே ஒருவரும் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

போன வருடம் ஜெனிற்றா தன் மகனின் முதலாவது பிறந்தநாளுக்கு அழைத்திருந்தாள். பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் வேலை. நல்ல கணவன். தாய் காலமாகிவிட்டா. அண்ணன் ஒரு பராமரிப்பு வீட்டில் இருக்கிறான். போய்ப் பார்த்தால் சமையலறையில் அக்கா நின்றார். அந்த வீட்டின் மூத்தவர்போலச் சாமான் எங்கே இருக்கிறது என்று எல்லாம் அறிந்திருந்தார். குழந்தையின் ஞானத்தாயும் அவர்தான் என்றார்கள். அதற்கென்று ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாராம்.

என்னால் பொறுக்க முடியவில்லை. ஜெனிற்றாவைப் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.

"ஜெனி, அண்டைக்குத் திருநாளில அவ உன்ர அம்மாவோட கதைச்சது, தங்கச்சிக்கு இடம் எடுக்கிறதுக்குத்தான். முதல் என்ர அப்பாட்டையும் கேட்டுப் பார்த்தவ. அது சரிவரேல்லை எண்டுதான் உங்களிட்டை வந்தவ."

அவள் தூரத்தில் போகும் கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கையை மற்றக் கையால் பிடித்திருந்தாள். அந்தக் கை முழுதாக நீளாது.

"தெரியும்" என்றாள்.

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே. அம்மான்ர கையைப் பிடிச்சுக் கதைக்கேக்க அவ அம்மாவைப் பாக்கேல்லை. என்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவ."

"பிறகேன் இவவை வீட்டுக்குள்ள வைச்சிருக்கிறாய்?"

"கை கட்டுப் போட்டிருக்கேக்க எனக்குத் தலை முழுக வாத்தவ. மாதக்கணக்கா. கக்கூசுக்குக் கூட்டிக்கொண்டு போனவ. அம்மா ஒருநாளும் வந்து எட்டிப் பாக்கேல்லை." என் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபமில்லை. "நீ ஒரு நாள் வந்தனி. மஞ்சள் பூ கொண்டு வந்தனி. பரீட்சை இருக்கு எண்டு வெளிக்கிட்டுப் போட்டாய்."

உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது. ஜெனிற்றா கதவைத் திறந்தாள். குழந்தை தகப்பனின் கையிலிருந்து தாயைப் பார்த்துத் தாவியது. அவள் அவனை வாங்கி, முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, சமையலறைக்குக் கொண்டுபோய் அக்காவின் கையில் கொடுத்தாள். அவன் உடனே அழுகையை நிறுத்திவிட்டான்.